அர்த்தம் சொல்கிறவளின் நாற்காலி

"இழுத்துப் பிடிடி. உன் பக்கம் தொங்குது பாரு."

உருளை இஸ்திரியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த படுக்கை விரிப்பு இரண்டு பெண்களுக்கும் நடுவில் சூடாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் தன் பக்கத்து மூலைகள் இரண்டையும் இறுக்கினாள். எதிரே நெட்டை. நீளவாக்கில் ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொன்று. பிறகு அவள் நான்கு எட்டு நடந்து போய்த் தன் மூலைகளை நெட்டையின் விரல்களில் கொடுத்துவிட்டு, குனிந்து, தொங்கும் மடிப்பை எடுத்தாள். ஆஸ்பத்திரியின் தரைத்தளத்துக்கும் கீழே இருக்கும் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாக இருவரும் செய்வது இதைத்தான். ஒரு நாளைக்கு நானூறு விரிப்புகள். உயரமானவள் என்பதால் நெட்டை நிற்பாள், இவள் நடப்பாள்.

"மூணாவது மாடில வேண்டாம்னு சொல்லிட்டேன்," என்றாள் நெட்டை.

"என்ன வேண்டாம்னு?"

"ஆபரேஷன்."

அடுத்த விரிப்பு வந்துவிட்டது. யார் என்ன பேசினாலும் உருளை நிற்காது. இருவரும் மூலைகளைப் பிடித்தார்கள்.

"இங்க ஒரு கட்டி." கைகள் இரண்டிலும் துணி இருந்ததால் நெட்டை மோவாயால் இடது மார்பைக் காட்டினாள். "ஊசி குத்தி எடுத்துப் பார்த்தாங்க. வியாழக்கிழமை ரிசல்ட் வந்துச்சு. இப்பவே வெட்டி எடுத்துட்டா பயமில்ல, தள்ளிப்போட்டா சிரமம்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க. தேதிகூடக் குடுத்துட்டாங்க. மூணு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல. யார்கிட்டயும் வாயைத் திறக்கல."

"என்கிட்டகூடவா அக்கா?"

"சொல்லியிருந்தா நீ ஊரைக் கூட்டியிருப்ப. நேத்து சபைல நீ அர்த்தம் சொன்னியே, அதோட எல்லாம் தெளிஞ்சுபோச்சு. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன். காலைல முதல் வேலையா மேல போய், வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

அவள் கையிலிருந்த மூலை நழுவியது. விரிப்பு தரையில் விழுந்தது. தரையில் பட்ட துணி மறுபடி சலவைக்குப் போக வேண்டும். அது அங்கே சட்டம். கண்ணாடிக் கூண்டிலிருந்து சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தான்.

"அர்த்தக்கார மேடம், தரையில என்ன அர்த்தம் தேடறீங்க?"

யாரோ சிரித்தார்கள். அவள் விரிப்பைச் சுருட்டி அழுக்குத் தொட்டியில் போட்டாள். நேற்றுச் சபையில் தான் சொன்ன அர்த்தம் அவளுக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவிருந்தது. 'என் கை உன்மேல் இருக்கிறது. வேறே எந்தக் கையும் உன்னைத் தொட நான் விடமாட்டேன் என்கிறார் ஆண்டவர்.' முதல் வாக்கியம் முடிந்ததும் இன்னொன்று வேண்டியிருந்தது. ஒரு மடிப்புக்குமேல் இன்னொரு மடிப்புப் போல அதைச் சேர்த்தாள். அவ்வளவுதான். சபைச் செயலாளர் அதைத் தேதியோடு நோட்டில் எழுதிக்கொண்டார்.

அர்த்தம் சொல்கிற வேலை அவளுக்குப் புதிதல்ல. பத்து வயதில் ஆரம்பித்தது.

லேத் பட்டறையில் வேலை பார்த்த அப்பாவுக்கு ஒரு நாள் காலையில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சு குழைந்துபோனது. அம்மா வேலைக்குப் போனாள். அண்ணன்கள் இருவரும் அப்பாவின் கட்டிலருகே போகவே பயந்தார்கள். அவள்தான் உட்கார்ந்திருந்தாள். அப்பா ஏதோ இழுத்து இழுத்துச் சொல்வார். அவள், "ஜன்னலைச் சாத்தச் சொல்றார்" என்பாள். "தலையணையை உயர்த்தி வைக்கணுமாம்" என்பாள். வந்தவர் போனவர் எல்லாம் வாய் பிளந்தார்கள். இந்தக் குட்டிக்கு மட்டும் எப்படிப் புரிகிறது?

பாதி அவளுக்குத் தெரிந்தது. வெயில் முகத்தில் அடித்தால் ஜன்னல்தானே. மீதிப் பாதி குருட்டாம்போக்கு. தவறாகிவிட்டால் அப்பா இன்னொரு தடவை சொல்வார், மூன்றாம் தடவையும் சொல்வார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கிடைத்ததை வாங்கிக்கொள்வார். ஒரு நாள் ரேடியோ போடச் சொல்கிறார் என்று சொல்லிப் போட்டுவிட்டாள். ஒரு மணி நேரம் பாட்டு ஓடியது. அம்மா வந்து போர்வையை விலக்கியபோது, அப்பாவின் உணர்ச்சியுள்ள கால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கி நீலம் பாரித்திருந்தது. அவளை யாரும் திட்டவில்லை. அதற்குப் பிறகும் அவளைத்தான் கேட்டார்கள். வேறு யாரைக் கேட்பது?

ஆறு வருடம் அப்படிப் போனது. கடைசி நாளில் அப்பா நீளமாக ஏதோ சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் அதற்குமுன் பேசியதே இல்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "எல்லாரையும் நல்லா இருக்கச் சொல்றார்," என்றாள். அம்மா அழுது ஓய்ந்து, கொஞ்சம் தேறினாள். அப்பா என்ன சொன்னார் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு கல்யாணம். புருஷன் பஞ்சர் கடைக்காரன், சாது, ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குகிறவன். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. சலவைக்கூடத்தில் சேர்ந்த இரண்டாம் வருடம் நெட்டைதான் அவளைச் சபைக்குக் கூட்டிப்போனாள். பர்னிச்சர் கடைக்கு மேல்மாடியில் ஒரு நீள அறை. நாற்பது பேர். நன்றாகப் பாடுவார்கள். அதன்பின் ஆவி வந்து, யாருக்கும் புரியாத அந்நிய பாஷையில் பேச ஆரம்பித்தால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அது வரவில்லை. வராதது பற்றிக் குறையும் இல்லை. அத்தனை சத்தத்துக்கு நடுவில் யாரும் அவளை எதுவும் கேட்காமல் இருந்ததே ஒரு ஓய்வாக இருந்தது.

ஒரு ஞாயிறு கட்டிடச் சொந்தக்காரர் படியேறி வந்து வாசலில் நின்றார். கீழே சோபா வாங்க வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்களாம். "இது என்ன கோவிலா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். போதகருக்கு அது சுருக்கென்று தைத்தது. அவர் ஊழியத்துக்கு வருவதற்குமுன் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். பைபிளில், கொரிந்து பட்டணத்துச் சபைக்கு அப்போஸ்தலன் எழுதின முதல் கடிதத்தின் பதினாலாம் அதிகாரத்தில் இதே காட்சி இருக்கிறது: எல்லோரும் சேர்ந்து பேசும்போது வெளியாள் ஒருவன் உள்ளே வந்தால், இவர்களுக்குப் பைத்தியம் என்றுதானே நினைப்பான்? அடுத்த ஞாயிறு அந்த அதிகாரத்தை முழுக்க வாசித்துவிட்டு, போதகர் விரல் விட்டு எண்ணினார்.

"பேசறவங்க ரெண்டு பேர். மிஞ்சிப்போனா மூணு. ஒருத்தர் முடிச்சப்புறம் ஒருத்தர். ஒரு பஸ் கிளம்பினாத்தான் அடுத்தது உள்ள வரணும். பேசினதுக்கு அர்த்தம் சொல்ல ஆள் இருக்கணும். ஆள் இல்லன்னா உட்கார்ந்து மனசுக்குள்ள கடவுளோட பேசிக்குங்க, அவருக்குக் கேக்கும். சொன்னது சரியான்னு மத்தவங்க நிதானிக்கணும். புரியாத பத்தாயிரம் வார்த்தையைவிடப் புரியற அஞ்சு வார்த்தை மேல்னு எழுதியிருக்கு. நான் சொல்லல."

ஓட்டல் மேஜையில் வைக்கிற மாதிரி ஒரு தட்டுமணியும் வாங்கி வைத்தார்.

சட்டம் வந்த முதல் ஞாயிறு நெட்டை எழுந்து பேசினாள். அவள் ஒருத்தியின் குரல் மட்டும் அந்த அறையில் தனியாகக் கேட்டது அன்றுதான். நீண்டு, குழைந்து, ஒரு இடத்தில் தேங்கி மறுபடி ஓடியது. முடிந்ததும் மணி அடித்தது. "இதுக்கு அர்த்தம் சொல்ல யாராவது இருக்கீங்களா?" யாரும் இல்லை. "அப்ப உட்காருங்க சகோதரி," என்றார் போதகர், கோபமில்லாமல். நெட்டை உட்காரவில்லை. முப்பது வருடமாகப் பேசிவந்தவள் அவள். வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்டவள்போல அவ்வளவு உயரமாக நின்றாள். கண்ணில் நீர் கட்டி நின்றது.

அந்தக் குழைந்த சத்தம், அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவளுக்குப் பழகிய சத்தமாக இருந்தது. எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"'சோர்ந்துபோகாதே மகளே, நீ சொன்னது எனக்குக் கேட்டது' என்கிறார்."

அறை முழுதும் "ஆமென்" என்றது. நெட்டை விசும்பியபடி உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் அர்த்தம் சொல்ல வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டுதான் போனாள். ஆனால் அன்று பேசியது மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். மனைவி போனபின் மூன்று வருடம் சபையில் வாய் திறக்காத மனிதர். அவரை எப்படி நிறுத்தி வைப்பது? மூன்றாம் வாரம் அவளுக்கென்று முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஐந்தாம் வாரம் அதில் ஒரு மெத்தை வந்தது. நில அளவை அலுவலகத்தில் ஓய்வுபெற்ற செயலாளர் புது நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, பேசியவர், அர்த்தம் என்று மூன்று பத்தி பிரித்தார். வேலைக்கூடத்துக்கும் செய்தி எட்டி அவள் 'அர்த்தக்கார மேடம்' ஆனாள்.

அவள் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி, உப்பும் காரமும் இல்லாத வார்த்தைகளாகவே சொன்னாள். பயப்படாதே. பொறுத்திரு. உன் கண்ணீரைப் பார்த்தேன். யாருக்கும் ஒத்துக்கொள்ளும். யாருக்கும் வயிற்றைப் புரட்டாது. பதினோரு மாதம் அப்படியே ஓடிவிட்டது.

விரிப்பு தரையில் விழுந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, அறுவைக்கூடத்துப் பச்சைத் துணிகள் வந்தன. நடுவில் சதுரமாக ஓட்டை வைத்துத் தைத்தவை. வெட்டுகிற இடம் மட்டும் அதில் தெரியும். நெட்டை ஓட்டைக்குள் கையை விட்டு விரல்களை ஆட்டிக் காட்டினாள்.

"இதுலேருந்து தப்பிச்சுட்டேன் பாரு."

"அக்கா, நான் சொல்றதைக் கேளு. மேல போய்த் தேதி வாங்கு. வெளையாட்டில்ல இது."

"நீதானே சொன்ன?"

"கட்டி இருக்குன்னு எனக்குத் தெரியாதே! தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருப்பேனா?"

நெட்டை சிரித்தாள். "அதைத்தாண்டி நானும் சொல்றேன். உனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாரு."

புதன்கிழமையும் சொல்லிப் பார்த்தாள். காலில் விழாத குறையாகச் சொன்னாள். "இப்ப நீ என் கூட்டாளியா பேசற. அன்னிக்குப் பேசினது வேற," என்று நெட்டை முடித்துவிட்டாள். சாயங்காலம் வீட்டில் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் விரலிடுக்கில் ஒட்டியிருந்த ரப்பர் பசையை உரித்துக்கொண்டே கேட்டான்.

"ஒரு தடவைகூட உனக்கு நெஜமா ஒண்ணும் புரியலையா?"

"இல்ல."

"அடுத்தவங்க லெட்டரைப் பிரிக்காமயே படிச்சுக் காட்டியிருக்க. போய்ச் சொல்லிடு. நாலு பேர் திட்டுவாங்க. திட்டட்டும். என்னை தினமும் நாப்பது பேர் திட்டறான், நான் செத்தா போயிட்டேன்?"

அவளுக்கு அது எளிதாகப் பட்டது. திட்டு வாங்கிக்கொள்ள அவள் தயார்தான்.

வியாழக்கிழமை வேலை முடிந்து நேராகச் சபைக்குப் போனாள். போதகர் தனியாக நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஒரு கண்ணை மூடி, வரிசை நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்.

"பாஸ்டர், நான் அர்த்தம் சொல்றதெல்லாம் நானா சொல்றது."

"அவங்கவங்க வாயாலதானே சகோதரி எல்லாரும் பேசறோம்."

"அப்படி இல்ல. எனக்கு ஒண்ணும் கேக்கறதில்ல. அவங்க பேசிட்டிருக்கும்போதே அடுத்து என்ன சொல்லலாம்னு யோசிச்சிட்டிருப்பேன்."

"அந்த யோசனை எங்கிருந்து வருது?"

"என் தலைக்குள்ளேருந்து."

"தலைக்குள்ள போட்டது யாரு?"

அவர் அவளை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. அவர் முகத்தில் நிஜமான பிரியம் இருந்தது.

"கண்ணாடிக் கடைக்காரருக்கு, மூடின கதவைத் தட்டுன்னு சொன்னீங்க. அன்னிக்குச் சாயங்காலமே அவர் தம்பி வீட்டுக்குப் போனார். ஆறு வருஷமா பேச்சு வார்த்தை இல்ல. உங்களுக்கு அது தெரியுமா?"

"தெரியாது. ஏதோ சொன்னேன். அமைஞ்சுபோச்சு."

"மோசேகூட எனக்குப் பேச வராது, வேற ஆளைப் பாருன்னுதான் சொன்னார்."

"நான் மோசே இல்ல பாஸ்டர். பொய் சொல்லியிருக்கேன். பதினோரு மாசமா." பிறகு கட்டியைப் பற்றிச் சொன்னாள்.

போதகர் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்தார்.

"வைத்தியம் தப்புன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. நானே அவங்ககிட்ட பேசறேன்."

"கேக்க மாட்டாங்க. நோட்டைக் காட்டுவாங்க. ஞாயித்துக்கிழமை நான் எழுந்து எல்லாம் பொய்னு சொல்லிடறேன். விடுங்க."

"நாப்பது பேர், சகோதரி. ஒவ்வொருத்தரும் உங்க வாயிலேருந்து வந்த ஏதோ ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. அதைப் பிடுங்கிட்டு நான் அவங்க கையில என்னத்தைக் குடுப்பேன்? நீங்க இல்லன்னா கடிதத்துல இருக்கறபடி இங்க யாரும் பேசக் கூடாது. நான் போட்ட சட்டம் அது." எழுந்து நாற்காலியை வரிசையோடு சேர்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வேற வார்த்தை வந்துச்சுன்னா, சொல்லுங்க. நான் தடுக்க மாட்டேன்."

படியிறங்கும்போதுதான் அவர் என்ன சொன்னார் என்பது அவளுக்கு உறைத்தது. ஒரு பொய்யை எடுக்க இன்னொரு பொய் போடலாம். அதற்கு அனுமதி உண்டு.

வெள்ளிக்கிழமை போதகர் நெட்டையிடம் பேசினார். நெட்டை மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "நீங்க மனுஷர், பாஸ்டர்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடைக்காரர் முதலில் பேசினார். இரண்டாவதாக ஒரு கல்லூரிப் பெண். இருவருக்கும் அவள் ஏதோ சொன்னாள். மூன்றாவதாக நெட்டை எழுந்தாள். குரல் முன்பைவிட மெலிந்திருந்தது. பேசும்போது வலது கை தானாக இடது பக்கம் போய் நின்றது. அதை அறையில் வேறு யாரும் கவனிக்கவில்லை. எதிரெதிரே நின்று பதினோரு வருடம் அந்தக் கைகளைப் பார்த்தவள் கவனித்தாள்.

மணி அடித்தது. அவள் எழுந்தாள். இரண்டு நாளாக உருளைக்கு முன் நின்று மனப்பாடம் பண்ணிய வார்த்தைகள்.

"'மருத்துவரின் கையும் என் கைதான். கத்தியைப் பார்த்துக் கலங்காதே. தாமதிக்காமல் எழுந்து மூன்றாம் மாடிக்குப் போ' என்கிறார்."

"ஆமென்" வரவில்லை. பேனா எழுதுகிற சத்தம் நின்றது. செயலாளர் எழுந்தார்.

"மன்னிக்கணும். ஒரு சந்தேகம்." ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். "போன ஞாயிறு, இதே சகோதரி. 'வேறே எந்தக் கையும் உன்னைத் தொட நான் விடமாட்டேன்.' இப்ப மருத்துவர் கையும் என் கைங்கறார். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிக்குது. அதுவுமில்லாம மாடி நம்பரெல்லாம் இதுக்கு முன்னாடி வந்ததில்ல."

போதகர் நெற்றியைத் துடைத்தார். சொன்னதை மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று அவரே விரல் விட்டுச் சொன்ன சட்டம் அதுவரை ஒரு முறைகூடத் தேவைப்பட்டதில்லை. செயலாளரும் சபைப் பெரியவர்களான இரண்டு மூப்பர்களும் நெட்டையையும் கூட்டிக்கொண்டு மைக் பெட்டிகள் வைத்திருக்கும் பக்கத்து அறைக்குள் போனார்கள். எட்டு நிமிஷம். அறையில் ஒருவரும் இருமக்கூட இல்லை. அவ்வளவு ஒழுங்கான சபையைக் கட்டிடச் சொந்தக்காரர் பார்த்திருந்தால் வாடகையைக் குறைத்திருப்பார்.

வெளியே வந்ததும் செயலாளர் கேட்டார்.

"இந்த வாரம் சகோதரிகிட்ட ஆபரேஷனைப் பத்திப் பேசினீங்களாம்மா?"

"தினமும் பேசினேன்."

"பண்ணிக்கச் சொல்லியா?"

"ஆமா. கெஞ்சினேன்."

"அப்ப இது உங்க பாசம் பேசுது. தப்பே இல்ல. மனுஷ பாசம். ஆனா போன வாரம் அந்த வார்த்தை வந்தப்போ, கட்டின்னு ஒண்ணு இருக்கறதே உங்களுக்குத் தெரியாது. உங்க விருப்பம் எதுவும் அதுல கலக்கல. அதனால சுத்தமானது அதுதான்."

கணக்கு அவ்வளவு நேராக இருந்தது. மூப்பர்கள் தலையாட்டினார்கள். பின்வரிசைகளிலும் தலைகள் ஆடின. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் நெட்டையின் நிலை தெரிந்து அவளுக்காகவே சொன்ன அர்த்தம் அது.

"ரெண்டும் நான் சொன்னதுதான்," என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. "போன வாரத்துதும் நான்தான். எல்லாமே நான்தான். எனக்கு எப்பவும் ஒண்ணும் கேட்டதில்ல. எங்கப்பாவுக்குக்கூட நான்..."

மணி அடித்தது.

போதகரின் விரல் அதன்மேல் இருந்தது. அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒழுங்கா, சகோதரி. முறைப்படி. மூணு பேர் ஆயாச்சு. இன்னிக்கு இதுக்குமேல யாரும் பேசக் கூடாது."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் திட்டவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் அவள் தோளைத் தொட்டு, "உட்காருங்கக்கா, நீங்களும் எவ்வளவு நாள்தான் தாங்குவீங்க?" என்றாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவள் மெத்தைமேல் உட்கார்ந்தாள். செயலாளர் ஸ்கேலை வைத்து, நோட்டில் மூன்றாவது வரியை ஒரே கோட்டில் அடித்தார். முடிவில் போதகர், வைத்தியத்துக்குப் போவது விசுவாசக் குறைவு ஆகாது என்று பொதுவாக இரண்டு வாக்கியம் சொல்லி ஜெபித்தார். நெட்டை கூட்டத்தில் கலந்து படியிறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஷிப்ட் ஏழு மணிக்கு ஆரம்பித்தது. நெட்டை வரவில்லை. அவள் விரிப்புகளை மேஜை விளிம்பில் இடுக்கி வைத்துத் தனியாக மடித்தாள். ஏழு ஐம்பதுக்கு நெட்டை வந்தாள். சூப்பர்வைசர் தாமதம் என்று குறித்துக்கொண்டான். நெட்டை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தன் இடத்தில் நின்று, மடித்த சீட்டு ஒன்றை உருளையின் ஓரத்துக் கொக்கியில் செருகினாள்.

"வர்ற வாரம் வியாழக்கிழமை. வெறும் வயித்துல வரச் சொன்னாங்க."

"நோட்டுல அடிச்சுட்டாங்களே அக்கா."

"அடிக்கட்டும். பேசினது நான். எனக்குத் தெரியாதா? நீ 'எழுந்து போ'ன்னு சொன்னதும் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. ஒரு வாரம் இருன்னார், இருந்தேன். இப்பப் போங்கறார், போறேன். இந்த ஆம்பளைங்களுக்கு என்ன தெரியும்?"

"அதுக்கப்புறம் நான் சொன்னதுதான் நெஜம். எனக்கு ஒண்ணும் கேக்கறதில்ல. உன்னைக் காப்பாத்தணும்னு நானா சொன்னது."

"உனக்குக் கேக்கலன்னா இல்லன்னு ஆயிடுமா?" என்றாள் நெட்டை. "இழுத்துப் பிடி. தொங்குது."

அவள் இழுத்துப் பிடித்தாள். ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு.

"ஆபரேஷனுக்கு முன்னாடி நடுவுல ஒரு ஞாயிறு இருக்குடி. உள்ள போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை வேணும். மாட்டேன்னு சொல்லிடாதே. ரொம்ப பயமா இருக்கு."

அவள் நான்கு எட்டு நடந்து போய் மூலைகளைக் கொடுத்தாள்.

"வரேன்," என்றாள்.

பத்து மணிக்கு அறுவைக்கூடத்துப் பச்சைத் துணிகள் வந்தன. மதியம் செயலாளர் போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் முன்னதாக வர வேண்டும். அடித்த வரிக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்து வேண்டும். மற்றபடி நாற்காலி அவளுடையதுதான், யாருக்கும் மனவருத்தம் இல்லை என்றார். சரி என்றாள். மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்தது. அன்று முந்நூற்றுத் தொண்ணூற்றாறு விரிப்புகள். ஒன்றும் தரையில் விழவில்லை.